இருபத்துநாலு மடங்கு

ஆர்டெல் ஸ்காகுக்கு மனிதர்களைப் பிடிக்கும். துப்பாக்கிச் சாமான் வாங்க வரும் மனிதர்களை இன்னும் பிடிக்கும். மொன்டானாவின் அந்தப் புல்வெளி ஊரில் துப்பாக்கிக் கடை அவருடையது ஒன்றுதான். அங்கே காபி இலவசம், வம்பும் இலவசம்.

அன்று காலை வந்தவள் லவோன் ஹேகன். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பண்ணையைக் கட்டி மேய்ப்பவள். இந்த வசந்தத்தில் அவளுடைய இளங்கிடேரிகள் அத்தனையும் காணாமல் போயிருந்தன. அவை கிடைக்காவிட்டால் நாளைக்கு மந்தை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் எதுவும் இருக்காது.

பக்கத்துப் பண்ணை ராய்ஸ் டட்டில்தான் திருடன் என்று ஊரே பேசியது. ஊருக்கு யார் சொன்னது என்று கேட்டால், ஆர்டெல் கடையில் காபி குடிக்கும்போது காதில் விழுந்தது என்பார்கள்.

"துப்பாக்கியில மாட்டற ஸ்கோப் ஒண்ணு வேணும் ஆர்டெல்" என்றாள் லவோன்.

"எதைச் சுட?"

"கோஃபரை. மேய்ச்சக்காட்டைத் தோண்டிச் சல்லடையாக்கி வச்சிருக்கு. நேத்து என் குதிரை வளையில காலை விட்டுட்டு நொண்டுது. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு ஒண்ணு விடாம தீர்த்துடுவேன்."

கோஃபர் என்பது தரை அணில். எழுந்து நின்றால் ஒரு சாண் உயரம். எத்தனை சுட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

ஆர்டெல் அவள் முகத்தைப் பார்த்தார். தூக்கம் இல்லாத கண்கள், இறுகிய தாடை. மாட்டைப் பறிகொடுத்தவள் அணிலுக்கா இப்படிப் பல்லைக் கடிப்பாள்? இது இரண்டு கால் கோஃபர் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நல்ல மனிதராக இருந்தால் அவளை உட்காரவைத்து இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருப்பார். ஆர்டெல், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியைத் திறந்தார். ராய்ஸ் மண்ணுக்குள் போவான், லவோன் சிறைக்குள் போவாள், இரண்டு மேய்ச்சல் நிலமும் ஆர்டெலின் மாடுகளுக்குக் குத்தகைக்கு வரும். புல்வெளி அனாதையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய இளகிய மனசு இடம் கொடுக்குமா?

"இந்த ஒன்பது மடங்கு போதும். இருநூறு கெஜத்துக்கு மேல நான் சுடப்போறதில்ல" என்று லவோன் ஒன்றை எடுத்தாள்.

"சீ, அதைக் கீழ வை. அது மான் சுடறவனுக்கு. உள்ள இருக்கிற குறுக்குக்கோடு அவ்வளவு தடி. தூரத்துல கோஃபர் கோட்டுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கும். இதப் பாரு, இருபத்துநாலு மடங்கு. கோடு தலைமுடி மாதிரி."

"அவ்வளவு பெருசாக்கினா வெயில்ல கானல் ஆடுமேய்யா. கோஃபர் நீச்சலடிக்கிற மாதிரி தெரியும்."

"வெயில் ஏறினா மடங்கைக் குறைச்சுக்கோ. காலையில முழுசா வச்சுக்கோ. காலையிலதானே அவன் டிராக்டரை எடுத்துக்கிட்டு..." ஆர்டெல் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வளையை விட்டு வெளிய வரும்னு சொல்ல வந்தேன்."

லவோன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ராய்ஸ் வேலி ஓரமாத்தான் ஜாஸ்தி."

ஆர்டெலுக்கு உள்ளுக்குள் பாட்டே கிளம்பியது. "அங்கேருந்து ராய்ஸ் வீட்டு வாசல் எவ்வளவு தூரம்?"

"அறுநூறு கெஜம் இருக்கும். ஏன்?"

"சும்மா, பொது அறிவுக்கு."

அறுநூறு என்ற சொல்லுக்குப் பிறகு அவரை யார் நிறுத்த முடியும்? குண்டில்லாத துப்பாக்கி ஒன்றில் அந்த ஸ்கோப்பை மாட்டி, மணல் பையின் மேல் சாய்த்து, கடையின் பின் ஜன்னலைத் திறந்தார். எதிரே சாலையே போகாத மேடு. அதில் அவருடைய மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சும்மா பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

"அதுவும் அதே தூரம்தான். மாட்டு மேல உக்காந்திருக்கிற ஈயை எண்ணிச் சொல்லு தாயே, அப்புறம் பேசு. பக்கத்துல இருக்கிற திருகைத் திருப்பு, கலங்கல் போயிடும்."

லவோன் திருப்பினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஈ தெரியுதா?"

"தெரியுது."

"எங்க உக்காந்திருக்கு?"

"மாட்டுத் தொடையில. சூட்டுக்குறி மேல."

அந்த ஊரில் பண்ணைக்குப் பண்ணை மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறி வேறு. ஆர்டெலுடையது வட்டம்.

"பாத்தியா? இதை வச்சுக்கிட்டா ஒருத்தன் சட்டைப் பொத்தானைக்கூட..."

"கோஃபர் சட்டை போடாதுய்யா" என்றாள் லவோன், கண்ணை எடுக்காமல். "ஆர்டெல், இந்த வட்டத்துல பாதி ஆறிப்போன பழைய தழும்பு. அதுல ஈ இல்ல. மீதிப் பாதி புதுப் புண். ஈ எல்லாம் அங்கதான் மொய்க்குது. பக்கத்துல நிக்கிற கிடேரிக்கும் அப்படித்தான்."

ஆர்டெல் ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினார். அதற்குள் அவள் ஒரு கையால் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேஜைமேல் இருந்த தொலைபேசியை இழுத்துக்கொண்டாள்.

"நான் நிஜமாவே கோஃபருக்குத்தான்யா வந்தேன்" என்றாள். "ஷெரீஃப் நம்பர் என்ன?"

ஹேகன் பண்ணையின் சூட்டுக்குறி அரைவட்டம். அதை முழுவட்டமாக்கிய ஆர்டெல், கேட்டவளுக்கு அந்த ஒன்பது மடங்கையே விற்றுத் தொலைத்திருந்தால் இன்றைக்கும் ஊரில் பெரிய மனிதராகத் திரிந்துகொண்டிருப்பார்.