இரட்டையர் பங்கு

தன் காதில்தான் கோளாறோ என்று டாக்டர் மறுபடியும் கேட்டாள்.

"ரெண்டு மருந்தையும் ஒண்ணாவா கலக்குறீங்க?"

நலோங்கோ தலையாட்டினாள். இதிலென்ன கேள்வி என்பது போலிருந்தது அவள் முகம்.

நலோங்கோ என்பது பெயர் அல்ல. இரட்டைப் பிள்ளை பெற்றவளை உகாண்டாவின் இந்த ஏரிக்கரையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூத்தவன் வாஸ்வா, இளையவன் காட்டோ. பெயருக்கும் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த வரிசையே வைத்துவிடும்.

டாக்டர் நாகர்கோவிலிலிருந்து வந்தவள். மலேரியாவைத் தடுக்கும் புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. எந்தப் பொட்டலத்தில் எது என்று டாக்டருக்கும் தெரியாது. தெரியக்கூடாது.

இரட்டையர் கிடைத்தால் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஒருவனுக்கு மருந்து, ஒருவனுக்கு மாவு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி ஏது? இந்தத் தாயிடம் அதை ஒளிக்காமல் சொல்லித்தான் சம்மதம் வாங்கினாள்.

அதுதான் வினையாகிவிட்டது.

"ஒருத்தனுக்குக் கொடுத்துட்டு ஒருத்தனுக்கு இல்லேன்னா, இல்லாதவன் கோவிச்சுக்குவான் டாக்டரம்மா. வந்த வழியே திரும்பிப் போயிடுவான்."

மாதாமாதம் உதவியாளர்கள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதாமாதம் இவள் கலந்து, ஆளுக்குப் பாதி ஊட்டியிருக்கிறாள்.

டாக்டருக்கு ஒன்றும் ஓடவில்லை.

பாதி மருந்து காப்பாற்றுமா? மழைக்காலம் முழுக்க அக்கம்பக்கத்தில் காய்ச்சல். இவர்களுக்கு லேசாகச் சுட்டதோடு சரி. மருந்தா, அதிர்ஷ்டமா?

அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கூட்டங்களில் மேடையேறி அவளே பேசியிருக்கிறாள்.

மேலிடத்தில் சொன்னால் இருவரையும் நீக்கிவிடுவார்கள். அப்புறம் பாதியும் கிடையாது.

சொல்லாவிட்டால் ஆராய்ச்சியில் ஒரு பொய். கண்டம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாமா என்று அதன் முடிவுக்காகத்தான் அரசாங்கங்கள் காத்திருக்கின்றன.

நலோங்கோ மீது கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பையன்கள் வந்து நின்றார்கள். ஒரே துணியில் சட்டை. ஒரே முகம். இருவருக்கும் மூக்கு ஒழுகியது.

இதில் எவன் வாஸ்வா?

அவள் கேட்கவில்லை. பையிலிருந்து இந்த மாதத்துப் பொட்டலங்களை எடுத்தாள். ஒன்றில் ஒருவன் பெயர், மற்றதில் மற்றவன் பெயர்.

நலோங்கோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று அதற்குள் அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு குவளைகளில். தரையில் வைத்தாள்.

"இனிமே தனித்தனியா கொடுக்கறேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

டாக்டர் இரண்டு பொட்டலங்களிலும் இருந்த பெயர்களைப் படித்தாள்.

பிறகு ஒரு குவளையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

இரண்டு பொட்டலங்களையும் கிழித்து மற்ற குவளையில் கொட்டினாள். விரலாலேயே கலக்கினாள். பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினாள்.

அவன் தாகமாகக் குடித்தான்.

"பாதி போதும்டா. அவனுக்கு வை."

அவள் சொன்னது தமிழில்.

பையன் நிறுத்திவிட்டுக் குவளையை மற்றவனிடம் நீட்டினான்.