சாம்பார் வாளியும் கடைசி இடமும்

சாம்பார் வாளியைக் கழுவித்தான் கேன்டீனிலிருந்து கொடுத்தார்கள். ஆனாலும் பெருங்காய வாசனை போகவில்லை.

கல்லூரி முதல்வர் ஓஸ்வால்ட் அதைத் தூக்கிக் குலுக்கினார். உள்ளே ஐந்து துண்டுச் சீட்டுகள்.

பெங்களூரிலேயே பெரிய பேர் எடுத்த கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸில் மிச்சம் ஒரே ஓர் இடம், கேட்டு வந்த ஐந்து பேருக்கும் ஒரே மார்க். பாவம், ஓஸ்வால்டும் என்னதான் செய்வார், குலுக்கல் என்று அறிவித்துவிட்டார். பிற்பாடு யாரும் மோசடி என்று கிளம்பக் கூடாதே. பிள்ளையின் பெயரைப் பெற்றவர்களே எழுதி மடித்துப் போடட்டும் என்றார்.

சிந்துவின் அப்பா இராஜமாணிக்கம் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். மூன்றெழுத்துப் பேருக்கு இத்தனை பந்தாவா என்று சிந்துவுக்கு எரிச்சல். இந்த இடம் போனால் பொம்மசந்திராவில் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். நன்கொடை கேட்கும் கல்லூரிகள் அவர்களுக்கு எட்டாத கொம்புத் தேன்.

ஓஸ்வால்ட் கண்ணை இறுக மூடி ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"குப்பம்மா."

சிந்து சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அறையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் தேஜஸ். காக்ஸ் டவுன் டியூஷனில் அவளுக்குப் பின் பெஞ்ச், இங்கே இடம் கேட்டு வந்த ஐந்து பேரில் ஒருவன். நாளைக்குள் ஊருக்கே தமுக்கடித்துவிடுவான்.

"யாரும் இல்லையா? அப்போ அடுத்த சீட்டை எடுக்கிறேன்" என்று ஓஸ்வால்ட் வாளிக்குள் கையை விட்டார்.

அப்பா எழுந்துவிட்டார், ஆனால் பயத்தில் பேச்சு வரவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாரே மனிதர் என்று சிந்துவுக்கு அழுகையே வந்தது. சரி, மானம் கப்பலேறினால் ஏறட்டும், இடம் இங்கேயே இருக்கட்டும்.

சிந்து கையைத் தூக்கினாள்.

அதன் பிறகுதான் அப்பாவுக்குக் குரல் வந்தது. "இவளுக்கு முன்னாடி ரெண்டு கொழந்த தங்கல சார். அதான் இவ பொறந்ததும் குப்பையில கெடத்தி எடுத்து அந்தப் பேரு வெச்சோம். நல்ல காரியத்துல நெஜப் பேர எழுதினா கண்ணு பட்டுடும் சார்."

தேஜஸின் அப்பா விடவில்லை. மார்க் ஷீட்டில் இல்லாத பெயர், சீட்டு செல்லாது, திரும்பக் குலுக்க வேண்டும் என்று மேஜையைத் தட்டினார்.

ஓஸ்வால்ட் யோசித்தார். சிந்து என்ற பெயரில் வாளிக்குள் சீட்டு இல்லை, மற்ற நாலு பெயரும் இருக்கிறது என்றால் குப்பம்மா இவள்தான் என்று ஆகிவிடுமே. நியாயமான கணக்கு. மிச்சச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார்.

முதல் சீட்டில் பிச்சை.

அடுத்ததில் திப்பேஸ்வாமி. குப்பைமேட்டுக்குக் கன்னடத்தில் திப்பெ என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது அமாவாசை.

சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. பெற்றவர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓஸ்வால்ட் கடைசிச் சீட்டைக் கையில் எடுத்தார். தேஜஸின் அப்பா அவசரமாக எழுந்து, குலுக்கல் என்றால் குலுக்கல்தான், அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடுங்கள் என்றார்.

ஓஸ்வால்ட் ஒழுங்கான மனிதர். எடுத்ததை வாசிக்காமல் விடமாட்டார்.

"மண்ணாங்கட்டி."

சிந்து திரும்பிப் பார்த்தாள். தேஜஸ் குனிந்து மும்முரமாக ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் போட்டுக்கொண்டு வந்திருந்தது ஹவாய் செருப்பு.