பாதிச் சவரம்

"கடைசி ஓவர பெனிட்டோகிட்ட குடுத்திருந்தா கப்பு நம்ம ஊருக்குல்லா வந்திருக்கும்," என்று சலூன்கார லாரன்ஸ் சொன்னதை, முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த பெனிட்டோ காது குளிரக் கேட்டான். நேற்றைய இறுதிப் போட்டியில் மூன்று விக்கெட் எடுத்தவன் அவன். கேப்டனோ கடைசி ஓவரை கிளாட்வினிடம் கொடுத்தான். கடைசிப் பந்து சிக்ஸருக்குப் போய் டீம் தோற்றது.

"கேப்டனுக்குக் கிறுக்கு," என்றார் பெஞ்சில் பேப்பர் படித்தவர்.

ஒரு கன்னம் வழித்து முடிந்தபோது கிளாட்வினே உள்ளே வந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரோ அவனுக்கு டீ சொன்னார்கள்.

"நல்ல பந்துதாம்ல மக்கா. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா ஸ்டம்பு பறந்திருக்கும்," என்ற லாரன்ஸ் கத்தியை வைத்துவிட்டு, அவன் பந்து போட ஓடிவந்த மாதிரியே கடைக்குள் ஓடிக் காட்டினார். "பந்த எப்படிப் பிடிச்சன்னு காட்டு," என்று எல்லோரும் கிளாட்வினின் கையைக் குனிந்து பார்த்தார்கள்.

மூன்று விக்கெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"அண்ணே, இன்னொரு கன்னம் கெடக்கு," என்றான் பெனிட்டோ.

யாரும் திரும்பவில்லை. நுரை காய்ந்துகொண்டிருந்தது. போர்த்தியிருந்த துணிக்குள் அவன் விரல்கள், கண்ணாடியில் தெரிந்த கிளாட்வினின் விரல்களைப் போலவே வளைந்து, தோற்கடித்த அந்தப் பந்தைப் பிடித்துப் பார்த்தன.