இருபது டிக்

"சகல, கை கழுவிட்டு வந்துடறேன். என் நோட்டைக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

சின்ன மாப்பிள்ளை நோட்டை டூல்பாக்ஸ் மேல் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனான்.

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மாமியார் வீட்டில் கூப்பிடுகிற பெயரே இந்தப் பட்டறையிலும் ஒட்டிக்கொண்டது. ரேஸ் காருக்கு சஸ்பென்ஷன் செட் பண்ணக் கற்றுக்கொடுக்கிற பட்டறை. முதலில் சேர்ந்தது பெரிய மாப்பிள்ளைதான். பத்தாம் நாள் மாமனார் சின்னவனையும் அனுப்பிவைத்தார்.

"பெரிய மாப்பிள்ளைக்கே வருதுன்னா உங்களுக்கு வராதா?" என்று சொல்லி அனுப்பினாராம். அந்த 'க்கே' ஆறு மாதமாக முள்ளாய்க் குத்துகிறது.

இன்று பரீட்சை. ரேஸ் டீமுக்கு ஒரே ஓர் ஆள்தான் வேண்டும். அதே கார், அதே டிரைவர், ஆளுக்கு ஒரு மணி நேரம். யார் செட் பண்ணின கார் வேகமாகச் சுற்றுகிறதோ அவனுக்கு வேலை.

சின்னவனுடைய முறை முடிந்துவிட்டது. ஒரு நிமிடம் நான்கு வினாடி. டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சிரித்தார்.

"கார் இல்ல மாஸ்டர் இது, நாய்க்குட்டி. கூப்பிட்ட பக்கமெல்லாம் வருது!"

பெரிய மாப்பிள்ளை இதுவரை எடுத்த நல்ல நேரம் ஒரு நிமிடம் ஆறு. தன்னுடைய செட்டிங்கைப் போட்டால் தோற்பது உறுதி. ஊரிலும் மனைவியிடமும் "வேலை எனக்குத்தான்" என்று வேறு சொல்லி வைத்திருந்தான்.

குழாயடியைப் பார்த்தான். சின்னவன் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பெரிய மாப்பிள்ளை நோட்டைப் புரட்டினான்.

முன்னாடி 6. பின்னாடி 15.

நான்கு சக்கரத்து ஷாக்அப்சார்பரிலும் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் கெட்டியாகும், தளர்த்தினால் மெத்தென்று ஆகும். திருகும்போது ஒவ்வொரு படிக்கும் 'டிக்' என்று சத்தம் வரும், மொத்தம் இருபது டிக். முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை டிக் திறக்கிறோம் என்று எண்ண வேண்டும். மாஸ்டர் முதல் நாள் நடத்திய பாடமே அதுதான்.

முன்பக்கம் ஆறு என்றால் கல் மாதிரி இருக்குமே? அவன் கை தயங்கியது. பிறகு, இதுதான் இவனுடைய தொழில் ரகசியம்போல என்று நினைத்துக்கொண்டான். அதையே போட்டு டயரில் காற்றைத் துளி குறைத்தால் சின்னவனையே முந்திவிடலாம்.

மாஸ்டர் வந்து நான்கு திருகுகளையும் முழுக்க மூடினார்.

"பூஜ்யத்துல இருக்கு. ஆரம்பி."

பெரிய மாப்பிள்ளை குனிந்து எண்ணினான். முன்னால் ஆறு. பின்னால் பதினைந்து. மாஸ்டர் காரின் மூக்கை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"என்னய்யா, முன்னாடி இவ்வளவு கெட்டி? எப்பவும் நீ இப்படி வைக்க மாட்டியே?"

"ஓடட்டும் மாஸ்டர், அப்புறம் சொல்லுங்க."

சின்னவன் இரண்டு டம்ளர் டீயோடு வந்தான். "குடிங்க சகல. பதறாதீங்க, நீங்கதான் ஜெயிப்பீங்க."

அந்த டீயை வாங்கக்கூட அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது சுற்றில் கார் வளைவை விட்டுவிட்டு நேராகப் புல்லுக்குள் போனது. டிரைவர் இறங்கி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நான் ஒரு பக்கம் திருப்பினா அது பாட்டுக்கு நேரா போகுது. பின்பக்கம் தொட்டில் மாதிரி ஆடுது. யாரு மேலயாவது கோவம்னா நேர்ல பேசித் தீத்துக்கங்கப்பா, கார்ல ஏன் காட்டுறீங்க?"

ஒரு நிமிடம் பதினொன்று.

மாஸ்டர் சின்னவன் பக்கம் திரும்பினார். "சின்ன மாப்பிள்ளை, திங்கக்கிழமை டீம்ல போய்ச் சேரு."

மற்றவர்கள் கலைந்ததும் பெரிய மாப்பிள்ளை சின்னவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"நோட்டுல பொய்யா எழுதி வச்சிருக்கியே, மனுஷனா நீ? ஆறு, பதினஞ்சுன்னு எழுதிட்டு வேற எதையோ போட்டுத்தானே ஓட்டவிட்ட?"

சின்னவன் ஒரு நொடி விழித்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"பாத்துக்கோங்கன்னுதானே சொன்னேன் சகல? பாத்து எழுதச் சொல்லலையே!"

"இளிக்காத. பதில் சொல்லு."

"பொய்யெல்லாம் இல்ல. ஆறுதான், பதினஞ்சுதான். வாங்க, காட்டுறேன்."

முன்சக்கரத்தின் அருகில் உட்கார்ந்தான். திருகை எதிர்ப்பக்கம் சுற்றி, கடைசிவரை திறந்தான். அங்கிருந்து மூடிக்கொண்டே எண்ணினான். டிக், டிக், டிக்... ஆறு. மூடிய பக்கத்திலிருந்து எண்ணினால் அது பதினான்கு.

"என்ன கண்றாவி இது? எவனாவது திறந்துட்டு எண்ணுவானா?"

"ஏன், அப்படித்தானே எண்ணணும்? நான் சேந்த அன்னிக்கு நீங்கதானே சகல சொல்லிக்குடுத்தீங்க?" சின்னவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "முதல் மாசம் மாஸ்டர் சொன்ன நம்பர் ஒண்ணுகூட எனக்கு ஒத்துவரல. சரி, நமக்கும் நம்பருக்கும் ராசி இல்லன்னு விட்டுட்டு, டயரைத் தொட்டுப் பாத்தும் டிரைவர் புலம்புறதைக் கேட்டும்தான் தொழில் கத்துக்கிட்டேன்."

அன்று வேண்டுமென்றே தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது பெரிய மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது.