குப்பிக்குள் ஓர் ஆட்டம்

கம்பம்மெட்டு ஏலத்தோட்டத்தில் ஜெஸ்னா பிடித்த தாவும் சிலந்தி இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம். அரிசி அளவு உடம்பு, நெற்றியில் மயில்நீலப் பட்டை. அந்த ஆண் சிலந்தியை ஸ்பிரிட் குப்பியில் போட்டாள். எட்டுக் காலும் சுருண்டு செத்தது. நாளாக ஆக நீலமும் வெளிறியது. பெண் சிலந்தி அகப்படாததால் புது இனத்தை அறிவிக்க அவள் எழுதிய ஆய்வு விவரணை பாதியில் நின்றது. மழைக்காலம் முழுக்கத் தேடியும் பலனில்லை.

இன்று காலை குப்பியின் வெளிப்புறத்தில் பழுப்பு நிறப் பெண் சிலந்தி உட்கார்ந்திருந்தது. நெற்றியில் அதே பட்டை. ஜெஸ்னா காலிக் குப்பியோடு மூச்சடக்கிக் குனிந்தாள்.

ஸ்பிரிட் குப்பிக்குள், சுருண்டு கிடந்த ஆண் சிலந்தி முன்னங்கால் இரண்டையும் தூக்கியிருந்தது. பெண்ணைக் கண்டு ஆடத் தொடங்கும்போது தாவும் சிலந்திகள் அப்படித்தான் நிற்கும்.

தோட்டத்துக்குக் கிளம்பிய அம்மா செபமாலையம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன அழகா நிக்குது! ஆடி முடிக்கட்டும்ட்டி, அப்புறமா புடி."

"அது மழைக்கு முன்னாடியே செத்துப்போச்சும்மா."

"அது அவளுக்குத் தெரியாதுல்ல" என்றாள் அம்மா, வெளியே இருந்ததைக் காட்டி.

ஜெஸ்னா கையை இறக்கினாள். குப்பிக்குள் நீலம் மெல்ல ஏறியது. தூக்கிய கால்கள் இடப்பக்கம் சாய்ந்தன. கண்ணாடிக்கு வெளியே பெண்ணும் இடப்பக்கம் நகர்ந்தது.