பழகின பட்டை

பிரசவத்துக்குப் பின் தும்மினாலே சிறுநீர் கசிந்ததால் செண்பகவல்லிக்கு இடுப்புத் தசைப் பயிற்சிப் பட்டை தேவைப்பட்டது. கட்டிக்கொண்டால் போதும், எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்று அதுவே உடம்புக்குப் பழக்கிவிடும்; கட்டியவளின் பழக்கத்தையும் தனக்குள் பதித்துக்கொள்ளும். சரக்குப் பார்த்து வாங்குவதில் எமகாதகனான அவள் கணவன் வன்னியராஜன், யாரோ ஒருத்தி போட்டுக் கழித்த பட்டையைப் பிடித்தான்.

"பழைய ஆளோட பழக்கத்தை அழிச்சுத் தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாண்ணே. பழகின சரக்குதான் உழைக்கும்."

உழைக்கத்தான் செய்தது. செண்பகம் வயிறு குலுங்கச் சிரித்தாள், சேலை நனையவில்லை. ராஜனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பிறகு, குழந்தையைத் தூக்கும் பயிற்சி வந்தது. மகளைத் தூக்கியதுமே பட்டை விம்மி விம்மி நடுங்கியது. ராஜன் கடைக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டான்.

"பழுதில்லப்பா," என்றார் கடைக்காரர். "முன்ன அதைக் கட்டியிருந்த அம்மாவுக்குப் பிள்ளை தங்கல. தலகாணியைத் தூக்கித்தான் பழகுனாங்க. அதான் அழிக்கட்டான்னு கேட்டேன்."

செண்பகத்தின் மார்பில் குழந்தை தூங்கிவிட்டது. பட்டையின் நடுக்கமும் மெல்ல அடங்கியது.

"கழட்டிப் போடுடி அதை."

"பிள்ளையைக் கிடத்திட்டுக் கழட்டுறேன்."

தொட்டில் பக்கம் குனிந்தாள். பட்டை இறுகியது. அவளால் குனிய முடியவில்லை.

"என்னங்க, கீழ விடமாட்டேங்குது."

"இங்க குடு" என்று ராஜன் கை நீட்டினான். அது இன்னும் இறுகியது.