மோட்டார் ரூம் சாவி

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, மடித்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார் முதல் மாடி மருந்துக்கடைக்காரர். மாடிப்படிக்குக் கீழே குடியிருப்பே கூடி நின்றது. கீழ்வீட்டுத் தையல்காரி ஒவ்வொரு சீட்டையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டர் ஜெயிக்க வேண்டும். தலைகீழாக நின்றாவது அந்த மனுஷனைக் குடியிருப்புச் சங்கத் தலைவராக்கிவிட வேண்டும். கொஞ்ச நாளாக அவளுக்குத் தூக்கத்திலும் இதே நினைப்புதான்.

ஆடிட்டர் மேல் அவளுக்கு அப்படி என்ன கரிசனம் என்று கேட்டால் குடியிருப்பே சிரிக்கும். கரிசனமாவது கத்தரிக்காயாவது. எதிர்த்து நிற்கும் மேல்வீட்டுக்காரியைக் கண்டால் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். துணியைப் பிழியாமல் மேலே உலர்த்தி, இவள் தைத்துத் தொங்கவிட்டிருந்த வெள்ளைச் சட்டைகள் மேல் சாயம் சொட்டவிட்டவள் அவள். அன்று இரண்டு பேரும் போட்ட சண்டையைத் தெருவே வேலை வெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

ஆக, அவள் ஓட்டு ஆடிட்டருக்கு இல்லை, மேல்வீட்டுக்காரிக்கு எதிராக. அப்படித்தான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அவளும் வாயைத் திறந்து மறுக்கவில்லை. மற்றவர்கள் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? மேல்வீட்டுக்காரி அதட்டுகிறாள் என்று பாதிப் பேருக்குக் கடுப்பு. ஆடிட்டர் எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறார் என்று மீதிப் பேருக்கு எரிச்சல். யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். யாரைப் பிடிக்காது என்று கேட்டால் மூடமாட்டார்கள்.

அந்த எரிச்சலைத்தான் அவள் பதம் பார்த்துப் பயன்படுத்திக்கொண்டாள். அளவு கொடுக்க வருகிற பெண்களின் இடுப்பில் டேப்பைச் சுற்றிவிட்டுத்தான் பேச்சை எடுப்பாள். அந்த நிலையில் யார் நழுவ முடியும்? தண்ணீர் வரவில்லை என்றால் மேல்வீட்டுக்காரி கதவைத் தட்ட உனக்குத் தைரியம் இருக்கிறதா என்பாள். ஆடிட்டர் என்றால் விதி தெரிந்த மனுஷன், கூப்பிட்டால் வந்தே ஆகவேண்டும் என்பாள். துணி தைக்கக் கொடுத்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

சீட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. மருந்துக்கடைக்காரரின் மனைவி அவள் காதோடு குனிந்தாள்.

"உங்கப்பா தலைவரா இருந்தப்போ அவரை என்ன பாடு படுத்துனான் இந்த ஆளு. எல்லாத்தையும் மறந்துட்டியாடி?"

அதெல்லாம் பழைய கதை அக்கா, விடுங்க என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டர் ஜெயித்தார். மயிரிழையில்தான், ஆனாலும் ஜெயித்தார்.

கூப்பிய கையோடு படியில் ஏறி நின்று, இது உங்கள் அன்பு என்றார். யாரோ இருமினார்கள். மேல்வீட்டுக்காரி விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டாள்.

அப்பா போனதிலிருந்து மொட்டைமாடி மோட்டார் ரூம் சாவி தையல்காரி வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளே அதை எடுத்துவந்து புதுத் தலைவர் கையில் கொடுத்தாள். பெரிய மனசு உனக்கு என்றார் அவர். அவள் சிரித்தாள்.

கூட்டம் கலைந்து, வீட்டுக்கு வீடு மத்தியானச் சாப்பாட்டு வாசனை கிளம்பியது. அவள் மட்டும் மூன்றாவது மாடி வரை ஏறி, ஆடிட்டர் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே நாற்காலி இழுபட்டது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். முதல் கவளம் உள்ளே போகட்டும்.

பிறகு மணியை அடித்தாள். விடாமல் அடித்தாள்.

இடது கையால் கதவைத் திறந்த ஆடிட்டர், சாப்பாடு ஒட்டிய வலது கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலைவரே, தண்ணி வரல."

கையைக் கழுவிவிட்டு வருகிறேனே, பாதிச் சாப்பாடு என்று அவர் இழுத்தார்.

அப்பாவும் அப்படித்தான் கேட்பார். குறை சொன்ன நிமிஷமே தலைவர் நேரில் வந்து நிற்க வேண்டும், சாக்குச் சொல்லக் கூடாது என்று கூட்டத்தில் விதி போட வைத்தவர் இந்த ஆடிட்டர்தான். அப்பா தட்டில் கை வைக்கும் நேரம் பார்த்து வந்து மணி அடித்தவரும் இவர்தான். கடைசி நாளும் அப்பா பாதியில் எழுந்துதான் மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்கப் போனார். போனவர் நடுப்படியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவர் விரல்களில் காய்ந்துபோயிருந்த பருக்கைகளை அவள்தான் கழுவிவிட்டாள். தொட்டி அன்றைக்கு நிறைந்துதான் இருந்தது.

"உடனே வரணும்னு நீங்கதானே விதி போட்டீங்க," என்றாள்.

ஆடிட்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் முகம் செத்துப்போனது. இடது கையால் சாவியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறத் தொடங்கினார்.

கீழே, அவள் திறந்து வைத்துவிட்டு வந்த குழாயில் தண்ணீர் கொட்டி, வாளி நிரம்பி வழிகிற சத்தம் இங்கே வரை கேட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆடிட்டர் எத்தனை மணிக்கு உட்காருவார் என்று யோசித்தபடி அவள் ஆற அமரப் படியிறங்கினாள்.